ஜிங்க் போட்டும் பயிர் தேறவில்லையா? களையையும் கணக்கில் சேருங்கள்

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோம். அதில் துத்தநாகம் 21 சதம், அதாவது சுமார் 2 கிலோ 100 கிராம். ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் தரும் பயிர், மணியும் தாளுமாகச் சேர்த்து மண்ணிலிருந்து உறிஞ்சும் துத்தநாகம் எவ்வளவு? டன்னுக்கு ஏறக்குறைய 50 கிராம் என்ற கணக்கில் 125 கிராம்தான். தேவையைப் போல 17 மடங்கு கொட்டிய பிறகும் நட்ட மூன்றாம் வாரத்தில் இலையில் துருப்புள்ளி விழுந்தால், இன்னும் ஒரு மூட்டை வாங்குவது தீர்வாகாது. போட்டது வேருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

சேராமல் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மண் பிடித்துவைத்துக்கொள்கிறது. மற்றது, பக்கத்தில் நிற்கும் களை முந்திக்கொள்கிறது. மண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். களை தழைச்சத்தைத் தின்கிறது என்பதும் தெரியும். துத்தநாகத்தையும் இரும்பையும் போரானையும் களை எடுத்துப்போகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து, நெல், நிலக்கடலை, கரும்பு ஆகிய மூன்றில் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே.

உங்கள் வயலில் களை எவ்வளவு எடுக்கிறது

மூங்கில் சிம்பிலோ பிளாஸ்டிக் குழாயிலோ 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சட்டம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். வயலில் நான்கு இடத்தில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் களையை வேரோடு பிடுங்குங்கள். செழித்த இடமாகப் பார்த்துப் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எறிவதே சரி. மண்ணை அலசிவிட்டு, கைக்கு மொறமொறவென்று ஒடியும் வரை காயவைத்து, நான்கையும் சேர்த்து எடை போடுங்கள். நான்கு சட்டம் சேர்ந்தால் சரியாக ஒரு சதுர மீட்டர். வந்த கிராமை நான்கால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கிலோ காய்ந்த களை என்று கிடைத்துவிடும்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 800 கிலோ. கிலோவுக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் என்று நடுத்தரமாகக் கணக்குப் பார்த்தால் 40 கிராம். நெல்லுக்கு வேண்டிய 125 கிராமில் மூன்றில் ஒரு பங்கு அது. துல்லியமான எண் வேண்டுமென்றால் காய்ந்த களையில் 100 கிராமைத் தாவரப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் கொடுக்கலாம்.

எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது காலம். நெல்லில் துத்தநாகக் குறை தலைகாட்டுவது நட்ட 2 முதல் 4 வாரத்துக்குள். அப்போது நாற்றின் வேர் இன்னும் பரவியிருக்காது. நெல்லுக்கு முன்பே முளைத்து வேர்விட்ட குதிரைவாலிப் புல்லும் கோரையும் அதே மேல்மண்ணில், அதே நாட்களில் உறிஞ்சுகின்றன. 40 கிராம் போகிறது என்பதைவிட, பயிருக்கு மிகவும் வேண்டிய பதினைந்து நாளில் போகிறது என்பதுதான் விளைச்சலைக் கெடுக்கிறது.

புல்லின் வேரும் அகன்ற இலையின் வேரும்

இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மண்ணில் இரும்பு ஏராளமாக இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே அதுதான். ஆனால் அது கரையாத துரு. துருவைக் கரைத்து எடுக்கச் செடிகளுக்கு இரண்டு வழி இருக்கிறது.

நிலக்கடலை, உளுந்து, தக்காளி, சாரணை, குப்பைக்கீரை போன்ற அகன்ற இலைச் செடிகள் வேரைச் சுற்றி அமிலத்தைச் சுரந்து மண்ணைப் புளிக்கவைத்து, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி எடுக்கின்றன. சுண்ணாம்பு மண்ணில் இந்த வித்தை பலிப்பதில்லை. சுரந்த அமிலத்தைச் சுண்ணாம்பு உடனே முறித்துவிடும்.

நெல், சோளம், மக்காச்சோளம், கரும்பு, அருகு, குதிரைவாலிப் புல் ஆகிய புல்லினங்கள் வேறு வழியில் போகின்றன. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து வெளியே அனுப்பி, கவ்வியதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. துத்தநாகத்தையும் அது கவ்வும். சுண்ணாம்பு இதை அவ்வளவாகத் தடுக்காது. எல்லாப் புல்லும் இதில் சமமல்ல. பார்லி நிறையச் சுரக்கும், நெல்லும் சோளமும் குறைவாகச் சுரக்கும். புழுதிக்கால் நெல் நாற்றங்காலில் நாற்று வெளுத்து நிற்க, பக்கத்துப் புல் பச்சையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனாவின் சுண்ணாம்பு நிலங்களில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக விட்டபோது கடலையின் வெளுப்பு குறைந்தது. மக்காச்சோள வேர் கரைத்துவிட்ட இரும்பைப் பக்கத்திலிருந்த கடலையும் எடுத்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு, கடலைக்குள் புல்லை விட்டுவைக்கலாம் என்று முடிவு கட்டாதீர்கள். ஊடுபயிர் நாம் வைத்த இடத்தில், வைத்த இடைவெளியில் நிற்கும். களைப் புல் கடலையின் தூருக்குள்ளேயே நின்று தண்ணீரையும் வெளிச்சத்தையும் தழைச்சத்தையும் பறிக்கும்.

மண் மாதிரி: கருவியே பொய் சொல்லும்

துத்தநாகம், இரும்பு, போரான் போன்ற நுண்ணூட்டங்கள் மில்லியனில் ஒன்று, இரண்டு பங்கு (பி.பி.எம்.) என்ற அளவில் பேசப்படும் விஷயம். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் மாதிரி எடுத்தால் மண்ணில் இல்லாத துத்தநாகம் அறிக்கையில் வந்துவிடும். பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி அல்லது மூங்கில் பட்டை, துணி விரிப்பு ஆகியவை போதும். மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டுங்கள். இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்துள்ள மண்ணை மேலிருந்து கீழாக ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுங்கள். ஒரு வயலுக்கு 10 முதல் 15 இடம், குறுக்கும் நெடுக்குமாக நடந்து. வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் வேண்டாம். நன்கு கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைக் கழித்துக் கழித்து அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்துங்கள்.

பயிர் நன்றாக இருக்கும் திட்டும் கெட்டிருக்கும் திட்டும் உங்கள் வயலில் இருந்தால் இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். தனித்தனி மாதிரியாகக் கொடுங்கள். சராசரி எண் ஒன்றும் சொல்லாது, வித்தியாசம்தான் சொல்லும்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் உண்டு. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஐந்தும் அதில் அடக்கம். எண்ணைப் படிக்கும்போது எந்த வரம்பை வைத்து 'போதும்', 'குறை' என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். துத்தநாகத்துக்கு நாட்டளவில் 0.6 பி.பி.எம். என்ற வரம்பும், தமிழ்நாட்டு மண்ணுக்கு 1.2 பி.பி.எம். என்ற வரம்பும் வழக்கில் இருக்கின்றன. 0.9 வந்தால் ஓர் அட்டை போதும் என்கும், இன்னொன்று குறை என்கும். இரும்புக்குச் சாதாரண மண்ணில் 3.7, சுண்ணாம்பு மண்ணில் 6.3. மாங்கனீசுக்கு 2.0. போரானுக்கு வெந்நீர்ச் சாறு முறையில் சுமார் 0.5.

ஆய்வகம் சோதிப்பது காய்ந்த மண்ணை. நெல் நிற்பது சேற்றில். வயலில் தண்ணீர் கட்டியதும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து கூடும், துத்தநாகம் குறையும். ஆகவே வரம்பை ஒட்டி நிற்கும் துத்தநாக எண்ணை நெல்லுக்குக் குறை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. அதே மண்ணில் அடுத்து உளுந்து போட்டால் அந்தக் கவலை குறைவு.

மண்ணின் புளிப்பு, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண்ணைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள். அது ஒரு புள்ளி ஏறினால் கரையும் துத்தநாகம் நூறில் ஒரு பங்காகவும், இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இறங்கும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு (ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது) அதில் சில துளியை மண்கட்டியின் மேல் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் இது பரவலாகக் காணக்கூடியது. அந்த மண்ணில் இரும்பை நேராக நிலத்தில் போடுவது வீண்.

இலையைப் படிப்பது, களையையும் சேர்த்து

முதலில் பழைய இலையா, புது இலையா என்று பாருங்கள். அடியிலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து. கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. முற்றினால் நரம்பும் வெளுத்து இலை காகிதம் போலாகும். நெல்லில் துத்தநாகக் குறை என்றால் இளம் இலையின் அடிப்பக்க நடுநரம்பு வெளுக்கும், கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து ஒன்றோடொன்று சேரும், பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். நெல்லின் இந்தத் துருப்புள்ளி நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறை என்று 1960களில் கண்டறிந்தது பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில். இன்றைக்கும் புள்ளியைப் பார்த்ததும் பூஞ்சாணக்கொல்லி வாங்கப் போகிறவர்கள் உண்டு. போரான் குறைந்தால் குருத்து கருகும். நிலக்கடலைப் பருப்பைப் பிளந்தால் நடுவில் பள்ளம் விழுந்து பழுப்பாக இருக்கும்.

அடுத்துப் பக்கத்தில் நிற்கும் களையைப் பாருங்கள். கடலை வெளுத்து, அதே இடத்தில் புல் பச்சையாக இருந்தால் இரும்பு மண்ணில் இருக்கிறது, கடலையால் எடுக்க முடியவில்லை என்று ஊகிக்கலாம். இலைவழியாகக் கொடுத்தால் பலன் தெரியும். கடலையும் புல்லும் சேர்ந்து வெளுத்திருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பாசன நீரில் உப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இது ஊகத்துக்குத்தான், மண் ஆய்வுக்கு மாற்று அல்ல.

உறுதி செய்ய ஒரு தூரிகை போதும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) 1 சதம், ஜிங்க் சல்பேட் அரை சதம், மாங்கனீசு சல்பேட் அரை சதம் என்று மூன்று சிறு குப்பிகளில் கரைத்து, ஒவ்வொரு கரைசலுக்கும் நாலைந்து வெளுத்த இளம் இலைகளில் பாதியை மட்டும் பூசி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு வாரத்தில் எந்தப் பாதி பச்சையாகிறதோ அதுதான் குறைந்த சத்து. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. தெரியாமல் ஐந்து சத்துக் கலவையை ஏக்கர் முழுக்கத் தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நெல்: வரிசை மாறினால் காசு வீண்

கடைசி உழவில் டி.ஏ.பி. அல்லது சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டுச் சேற்றில் கலந்துவிடுங்கள். பிறகு பரம்படித்துச் சமன் செய்யுங்கள். நடவுக்குச் சற்று முன், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள். தூவிய பிறகு உழக் கூடாது. மணிச்சத்து கீழே, துத்தநாகம் மேலே என்று பிரித்து வைப்பதற்காகத்தான் இந்த வரிசை. இரண்டையும் ஒரே கூடையில் கலந்து வீசினால் கரையாத துத்தநாகப் பாஸ்பேட்டாக மாறிவிடும்.

அது எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதே வேளையில் வாங்கிய சரக்கு அசலா என்றும் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி டம்ளரில் தெளிந்த டி.ஏ.பி. கரைசலை எடுத்து, இன்னொன்றில் ஜிங்க் சல்பேட்டைக் கரைத்து ஊற்றுங்கள். அடர்ந்த வெள்ளைப் படிவு திரண்டால் துத்தநாகம் இருக்கிறது. ஒன்றும் திரளாவிட்டால் அது மக்னீசியம் சல்பேட்டாக இருக்கலாம். ஜிங்க் சல்பேட்டில் வழக்கமாகக் கலப்படம் செய்வது அதைத்தான். மூட்டையில் 33 சதம் என்று எழுதியிருந்தால் அது நீர் குறைந்த, செறிவு கூடிய மோனோஹைட்ரேட் வகை. 10 கிலோவுக்குப் பதில் ஆறரை கிலோ போதும்.

சுண்ணாம்பும் களரும் உள்ள நிலத்தில் எருவேற்றிப் போடுவது சிறந்தது. நுண்ணூட்டக் கலவை 10 கிலோவுக்குத் தொழு உரம் 100 கிலோ. பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிரும் ஈரப்பதத்தில் கலந்து, நிழலில் குவித்துச் சாக்கால் மூடி 30 நாள் வையுங்கள். மக்கிய எருவிலுள்ள கரிம அமிலங்கள் சத்தைக் கவ்விக்கொள்வதால் மண் அதை உடனே பூட்ட முடியாது. 30 நாளை மூன்று நாளாகச் சுருக்கினால் வெறும் கலவைதான் மிஞ்சும்.

இனி களை. நட்ட முதல் 30 முதல் 45 நாள் வரை நெல் களையில்லாமல் இருந்தாக வேண்டும். கைக்களை என்றால் 15ஆம் நாளும் 35ஆம் நாளும். வரிசை நடவு என்றால் கோனோவீடரை (வரிசைக்கு நடுவே தள்ளி ஓட்டும் களைக்கருவி) 10ஆம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை இரு திசையிலும் ஓட்டலாம். சத்துக் கணக்கில் பார்த்தால் எனக்குக் கோனோவீடர்தான் பிடித்தது. களை எடுத்த துத்தநாகத்தை அது இருந்த இடத்திலேயே சேற்றில் அமுக்கிவிடுகிறது. களை பூப்பதற்கு முன் ஓட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

நாற்றாகப் பறிக்கும்போதே நெல்லோடு சேர்ந்து வரும் குதிரைவாலி நாற்றைக் கழித்துவிடச் சொல்லுங்கள். நட்டுவிட்டால் கதிர் வரும் வரை நெல்லைப் போலவே நிற்கும். அதன் தண்டின் அடி சிவந்திருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்குள்ள சவ்வும் பிடியும் அதற்கு இராது. இந்த ஒரு அடையாளம் போதும்.

அடியுரமாகப் போடத் தவறி, மூன்றாம் வாரத்தில் துரு தெரிந்தால்: முதல் நாள் களை எடுங்கள். தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் நிலம் லேசாக ஆறட்டும். காற்றுப் பட்டால் மண்ணிலுள்ள துத்தநாகமே கொஞ்சம் விடுபடும். பிறகு 0.5 சத ஜிங்க் சல்பேட்டோடு 1 சத யூரியா சேர்த்துத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. களை நிற்கும்போதே தெளித்தால் விழும் துளியில் கணிசமான பங்கு களை இலையில்தான் விழும். இலைவழி உணவு களைக்கும் இலைவழி உணவுதான்.

நிலக்கடலை: 45 நாளுக்குள் எல்லாம்

கடலைக்குள் மோசமான களை சாரணை. முளைத்து ஒரு மாதத்துக்குள் பூத்து விதை உதிர்த்துவிடும். சதைப்பற்றான இலை முழுக்கச் சத்து. முதல் களை 20ஆம் நாள், இரண்டாவது 40ஆம் நாளுக்குள். அதற்குப் பிறகு களைக்கொத்து உள்ளே போகக் கூடாது. மண்ணுக்குள் இறங்கும் விழுதுகள் அறுந்துவிடும். ஆகவே கடைசிக் களையும் மண் அணைப்பும் ஜிப்சமும் ஒரே வேலையாக 40–45ஆம் நாளில் முடிய வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம். மண்ணில் போரான் குறை என்று தெரிந்தால் மட்டும் அதனோடு 4 கிலோ வெண்காரம் (போராக்ஸ்).

'தெரிந்தால் மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். போதும் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் நடுவே போரானுக்கு இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. 4 கிலோ வெண்காரத்தில் போரான் 420 கிராம்தான். அதைச் சமமாகத் தூவாமல் ஓரிடத்தில் கொட்டினால் அங்கே இலை ஓரம் கருகும். ஜிப்சத்தோடு கலக்கச் சொல்வதே பரவலாக விழத்தான். உப்பு நீர் பாயும் நிலத்தில் போரான் ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம். ஆய்வு இல்லாமல் போடவே வேண்டாம்.

விதைத்த கையோடு நுண்ணூட்டக் கலவை கொடுப்பதென்றால் ஏக்கருக்கு 5 கிலோவை மணலோடு சேர்த்து 20 கிலோவாக்கி மேலாகத் தூவுங்கள். மண்ணில் கிளறிவிட வேண்டாம்.

இரும்பு வெளுப்பு வந்தால், தண்ணீர் கட்டுவதை முதலில் குறையுங்கள். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் அதிகமானால் பைகார்பனேட் கூடி, இரும்பு வேருக்குள் போவதைத் தடுக்கும். மழை விட்டதும் கடலை திடீரென வெளுப்பது இதனால்தான். நிலம் காய்ந்தாலே பாதி தேறும். தேறாததற்கு 1 சத அன்னபேதியைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள்.

கரும்பு

வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் மறுதாம்புக் கரும்பில்தான் வெளுப்பு அதிகம். பழைய வேர் செத்துப் புது வேர் பிடிக்கும் வரை இரும்பு கிடைப்பதில்லை. ஏக்கருக்கு 40 கிலோ அன்னபேதியைத் தொழு உரத்தோடு கலந்து சாலில் இடலாம். வெறும் உப்பாகப் போட்டால் சுண்ணாம்பு மண்ணில் சில நாளிலேயே துருவாகிவிடும். கூடவே 1 சத அன்னபேதியும் 1 சத யூரியாவும் சேர்த்து 15 நாளுக்கு ஒரு முறை, பச்சை திரும்பும் வரை. கரும்பு மெதுவாக மூடும் பயிர். நான்கு மாதம் வரை களைக்கு வெளிச்சம் கிடைக்கும். சாலில் எரு வைத்துவிட்டு அருகையும் கோரையையும் விட்டுவைத்தால் எருவைச் சுற்றி முதலில் வேர் விடுவது அவைதான்.

தெளிப்புக் கரைசல்

10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு:

ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். யூரியா சேர்க்காவிட்டால் 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்து ஊற்றுங்கள், இலை கருகாது.

அன்னபேதி 100 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். சிட்ரிக் அமிலத்தை முதலில் தண்ணீரில் கரைத்த பிறகே அன்னபேதி. இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கரைசல் பழுப்பாகும். பழுப்பானது துரு, இலைக்குள் போகாது. வாங்கும்போதே இளம் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் பொடி பூத்த அன்னபேதி பாதி செத்தது.

வெண்காரம் 20 கிராம். வெந்நீரில் கரைத்து ஆறவைத்துச் சேருங்கள். குளிர்ந்த நீரில் அடியில் தங்கிவிடும்.

ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். மாலை 4 மணிக்குப் பிறகு தெளித்தால் இலையில் ஈரம் நெடுநேரம் நிற்கும். டி.ஏ.பி. கரைசலோடு துத்தநாகத்தையோ இரும்பையோ கலந்தால் நாசில் அடைக்கும். டம்ளரில் பார்த்த அதே வெள்ளைப் படிவுதான். நடவுக்கு முன் கிளைபோசேட் களைக்கொல்லி அடிப்பவர்கள் அந்த டேங்கில் நுண்ணூட்டம் எதையும் கலக்கக் கூடாது. இரும்பும் துத்தநாகமும் மருந்தைக் கவ்விக்கொள்ளும். களையும் சாகாது, சத்தும் பயன்படாது. உப்பும் சுண்ணாம்பும் கூடிய கிணற்று நீரிலும் அந்த மருந்து வலுவிழப்பது இதே காரணத்தால்தான்.

பிடுங்கிய களை உங்கள் சத்து

ஏக்கருக்கு 40 கிராம் துத்தநாகத்தை உறிஞ்சிய களையைப் பிடுங்கிச் சாலையோரம் வீசினால் அந்த 40 கிராமும் நிலத்தைவிட்டுப் போய்விடும். வரப்பில் குவித்து வைத்தால் வரப்புக்குப் போகும். மாட்டுக்குப் போட்டு, சாணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் பெரும்பகுதி திரும்பும். மிகச் சுலபம், பூக்காத களையை வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போடுவது. சாரணையும் பருப்புக்கீரையும் ஈரம் பட்டால் மறுபடி வேர்விடும்; வெயிலில் இரண்டு நாள் வாடவிட்ட பிறகே மூடாக்கு. கோரையைக் கிழங்கோடு எடுத்துக் காய்ந்து சுருங்கும் வரை வெயிலில் போடுங்கள். பச்சைக் கிழங்கைக் குழியில் போட்டால் எருவோடு வயல் முழுக்கக் கோரை நட்ட மாதிரி.

பூத்துவிட்ட களைக்கு உரக்குழிதான். ஒரு சாண் உயரக் களை, மேலே சாணிக் கரைசல், மறுபடி களை என்று அடுக்கி, நடுப்பகுதி கைபொறுக்காத சூடாகிறதா என்று கம்பியைச் செருகிப் பாருங்கள். 55 முதல் 60 டிகிரி வந்தால்தான் விதை சாகும். ஓரத்தில் சூடு ஏறாது. ஆகவே மாதம் ஒரு முறை வெளிப்பக்கத்தை உள்ளே புரட்டிப் போட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கு முன், கையுறை போட்டு எடுங்கள்.

ஒரு களையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எருவாக்க வேண்டாம். தோல் பதனிடும் கழிவோ, சாயக் கழிவோ, நகரச் சாக்கடையோ கலக்கும் குளத்து ஆகாயத்தாமரை. துத்தநாகத்தை உறிஞ்சும் அதே திறத்தோடு குரோமியத்தையும் காட்மியத்தையும் அது சேர்த்துவைக்கும். பாலாற்றங்கரையிலும் நொய்யல் கரையிலும் இருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருங்கள்.

வைக்கோலுக்கும் இதே கணக்கு. நெல் எடுத்த துத்தநாகத்தில் பாதிக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது. இயந்திரம் கட்டிய வைக்கோல் முழுவதையும் வருடா வருடம் விற்கும் வயலுக்கு, அந்த அளவு எருவாகத் திரும்ப வேண்டும்.

எப்போது மறுபடி போடுவது

அடியுரமாகப் போட்ட ஜிங்க் சல்பேட் ஒரே போகத்தில் தீராது. பயிர் முதல் போகத்தில் எடுப்பது நூற்றில் சில பங்குதான்; மீதி அடுத்த இரண்டு மூன்று பயிருக்கு மெல்ல மெல்லக் கிடைக்கும். குறுவைக்குப் போட்டு, தாளடிக்கும் போட்டு, கோடை உளுந்துக்கும் போட்டால் இரும்பும் தாமிரமும் உள்ளே போவதைத் துத்தநாகம் தடுக்கத் தொடங்கும்.

வயலின் ஒரு மூலையில் ஒரு சென்ட் இடத்தைக் குச்சி நட்டு ஒதுக்குங்கள். அங்கே களையை மட்டும் சுத்தமாக எடுங்கள், நுண்ணூட்டம் போடாதீர்கள். எதிர் மூலையில் இன்னொரு சென்ட். அங்கே இரண்டும் செய்யுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அடித்து எடை போட்டு, தேதியோடு மண்வள அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். இரண்டு எடைக்கும் வித்தியாசம் இல்லையென்றால், அடுத்த போகத்தின் ஜிங்க் சல்பேட் காசைக் களையெடுப்புக் கூலிக்குக் கொடுங்கள். மூன்றாவது பயிர் அறுத்ததும் அதே இரண்டு மூலையிலும் மண் எடுங்கள்.